தெரிந்துதானே போனான்?

பொங்கல் விடுமுறை முடிந்து அம்பத்தூர் எஸ்டேட் திறக்கும் நாளில், டீக்கடைப் பேச்சில் ஊருக்கு ஒரு சாவுச் செய்தி இருக்கும். மதுரைக்காரர் பாலமேட்டைச் சொல்வார். சிவகங்கைக்காரர் சிராவயலைச் சொல்வார். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ரயிலேறி வந்தவர், தன் ஊர்த் தெருவில் ஓடிய காளையைச் சொல்வார். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: “தெரிஞ்சுதானே போனான்? யாரைக் குத்தம் சொல்றது?”

டீக்கடையோடு இது நின்றிருந்தால் எழுத வேண்டியதில்லை. விழாக் குழுக்கள், அதிகாரிகள், தொலைக்காட்சி விவாதங்களில் உட்காருகிறவர்கள், இறந்தவனின் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் இதையே சட்டமாக நம்புகிறார்கள். நம்புவதால் யாரும் வழக்குப் போடுவதில்லை. வழக்கு இல்லாததால் யாரும் பொறுப்பேற்பதில்லை.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். காளையின் கொம்பு கூர்மையானது என்று குழந்தைக்கும் தெரியும். வாடிவாசலுக்கு முன்னால் யாரையும் கட்டி இழுத்து வந்து நிறுத்தவில்லை. மாடு பிடிக்கிறவன் புகழுக்காகவும் பரிசுக்காகவும் இறங்குகிறான்; பார்க்கிறவன் விறுவிறுப்புக்காக வருகிறான். விழாக் குழு ஊர்ப் பணத்தில், லாபம் எதிர்பாராமல் நடத்துகிறது. அதன் தலையில் லட்சக்கணக்கில் இழப்பீட்டைக் கட்டினால் அடுத்த வருடம் யாரும் முன்வரமாட்டார்கள். மாடு வாயில்லா ஜீவன்; அது செய்ததற்கு உரிமையாளர் என்ன செய்வார்? அதையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால் அரசு நிவாரணம் கொடுக்கத்தான் செய்கிறது. இதுதான் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

இங்கே எதைப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜல்லிக்கட்டு நடக்கலாமா கூடாதா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வியே அல்ல. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு நடக்கும். நடக்கட்டும். ஆனால் காளைக்கு வலிக்கிறதா என்று இத்தனை வருடம் வாதாடிய நாம், மனிதனுக்கு அடிபட்டால் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியை உருப்படியாக எடுத்ததே இல்லை. அந்த இடத்தில்தான் “தெரிந்துதானே போனான்” உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்ப வேண்டியிருக்கிறது.

1. செத்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா?

மாடுபிடி வீரனை மனதில் வைத்து உருவான வாதம் இது. சாகிறவர்களின் பட்டியல் வேறு மாதிரி இருக்கிறது. 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று ஒரே நாளில் தமிழகம் முழுக்க ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டுகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களும் காளை உரிமையாளர்களும்தான். 2024-இல் சிராவயல் மஞ்சுவிரட்டில் இறந்த இருவரில் ஒருவன் சிறுவன். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,354 காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை படைத்தார்கள். அன்றும் இரண்டு உயிர் போனது.

நடக்கும் விதத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார் பரப்பி, இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ஆம்புலன்ஸ் நிறுத்தியிருப்பார்கள். கேமராக்கள் அங்கேதான் இருக்கும். அதைத் தாண்டிய காளை, ஓட்டத்தின் வேகத்தோடும் மிரட்சியோடும், மாடு பிடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கே கயிற்றை வைத்துக்கொண்டு உரிமையாளரின் அண்ணன் தம்பிகள் காத்திருப்பார்கள். அடுத்தடுத்து காளைகள் வந்து விழும். தன் மாட்டுக்குக் கயிறு போட ஓடுகிறவனை அடுத்தவன் மாடு பின்னாலிருந்து தூக்கும். தடுப்பு பலவீனமாக இருப்பதும், வேடிக்கை பார்க்கும் கூட்டம் கலந்து நிற்பதும் அங்கேதான்.

வட மாவட்டங்களின் எருது விடும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடி, அம்பத்தூர் ஆலைகளில் வேலை செய்யும் பலருக்கு வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம்தான் சொந்த ஊர். அங்கே மாட்டை அடக்குவது போட்டியே அல்ல. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறைந்த நேரத்தில் ஓடும் காளைக்குப் பரிசு. அதாவது, அந்தப் போட்டியில் மனிதப் போட்டியாளரே கிடையாது. இரண்டு பக்கமும் நிற்பது ஊர் ஜனம். அங்கே ஒருவன் குடல் சரிந்து விழுந்தால், எந்த வீர விளையாட்டில் அவன் “தெரிந்து இறங்கினான்”?

2. ஆபத்து இருப்பது தெரியும் என்றால், அலட்சியத்துக்கும் சம்மதமா?

இதுதான் வாதத்தின் அச்சாணி. இதைக் கழற்றினால் மீதி வண்டி ஓடாது. 1891-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. ஒரு தொழிலாளி பாறையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே கிரேன் கல்லைத் தூக்கிப் போகிறது. கல் விழும் ஆபத்து அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் விழுந்தது. தெரிந்துகொண்டே வேலை செய்தார் என்பதாலேயே அவர் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்றார்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே ஒரு குதிரை வழக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். கொண்டுவரட்டும், உண்மையில் அதுதான் அவர்களுடைய சிறந்த ஆயுதம். 1959-இல் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் நடந்த குதிரைக் கண்காட்சியில், வேகமாக வளைந்த குதிரை ஒன்று ஓடுபாதையின் ஓரத்தில் இருந்த புகைப்படக்காரரை மோதியது. அவர் பெயர் வூல்ட்ரிட்ஜ். 1962-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. போட்டியின் சூட்டில் வீரர் செய்யும் கணிப்புத் தவறுக்கெல்லாம் பார்வையாளர் வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம்.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுக்கப் படிக்க வேண்டும். பேச்சு, குதிரையில் இருந்தவரின் தவறைப் பற்றியது. தடுப்பைச் சரியாகக் கட்டாத அமைப்பாளரைப் பற்றியது அல்ல. அதைவிட முக்கியம், அதே வழக்கில் நீதிபதி டிப்ளாக் சொன்ன விளக்கம்: பார்வையாளர் ஆபத்துக்குச் சம்மதித்தாரா என்பது கேள்வியே அல்ல, எதிராளியின் கவனக்குறைவுக்குச் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. நம்மவர்கள் மேற்கோள் காட்டும் வழக்கிலேயே நமக்கான பதில் இருக்கிறது. காளையின் கொம்புக்குச் சம்மதித்தவன், சவுக்குக் கட்டையை மண்ணில் ஒரு சாண் மட்டும் ஊன்றிவிட்டுப் போன ஒப்பந்தக்காரருக்குச் சம்மதிக்கவில்லை.

நம் குற்றவியல் சட்டமும் சம்மதத்துக்கு எல்லை போட்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-ஆம் பிரிவு. வேடிக்கைக்காக இருவர் கத்திச் சண்டை பழகுவதையே அது உதாரணமாகக் காட்டுகிறது. சம்மதித்தவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும்; செய்கிற காரியத்தால் உயிரோ கொடுங்காயமோ நேர வாய்ப்புண்டு என்று செய்கிறவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வருடா வருடம் சாவு நடக்கும் ஓர் ஏற்பாட்டில் “எங்களுக்குத் தெரியாது” என்று யார் சொல்வது?

3. பிரஸ் மெஷினில் விரல் போனவனிடமும் இதையே சொல்வீர்களா?

அம்பத்தூரில் பவர் பிரஸ் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அந்த மெஷின் விரலை எடுக்கும் என்று தெரியும். எடுபட்ட விரலோடு பக்கத்து மெஷினில் நிற்பவரை அவர் தினமும் பார்க்கிறார். கூலிக்காகத் தெரிந்தேதான் வேலைக்கு வருகிறார். “தெரிந்துதானே வந்தாய்” என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலமும் இருந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்த வாயை அடைத்தது. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலையின்போது அடிபட்டால் போதும். பாதுகாப்புக் கவசத்தைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தாலும், அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்கிற அளவுக்கு அந்தச் சட்டம் போனது.

எம்.டி.எச். ரோட்டில் பைக் ஓட்டுவதும் தெரிந்து செய்யும் காரியம்தான். லாரிகளுக்கு நடுவே போகிறோம் என்று அறியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல், உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தரச் சொல்கிறது. காப்பீடு இல்லாத வண்டி சாலையில் ஏறவே கூடாது.

ஆலையிலும் சாலையிலும் நூறாண்டுக்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் கைவிட்ட வாதத்தை, மாட்டுக்கு மட்டும் ஏன் மிச்சம் வைத்திருக்கிறோம்?

4. கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை தீர்ந்ததா?

“எனக்கு ஏதேனும் நேர்ந்தால் விழாக் குழு பொறுப்பல்ல” என்ற வரிக்குக் கீழே கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். அந்தத் தாளின் பலம் அவர்கள் நினைப்பதில் பாதிகூட இல்லை. பார்வையாளர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. தெருவில் போகிறவர் போடுவதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவன் போட்டால் அது செல்லாது. 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம். பெரியவர்கள் போட்டதும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பேரம் பேச வழியில்லாத எளியவர்மீது பலம் உள்ளவர் திணிக்கும் அநியாய நிபந்தனையை இந்தப் பிரிவின் கீழ் நீக்கலாம் என்று 1986-இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடியற்காலை நான்கு மணிக்கு டோக்கன் வரிசையில் நிற்கும் இளைஞன், படிவத்தின் ஐந்தாவது வரியைத் திருத்தச் சொல்லிப் பேரம் பேசுவானா?

5. காளையின் குணம் உரிமையாளருக்குத் தெரியாதா?

“வாயில்லா ஜீவன், அதை யார் கட்டுப்படுத்த முடியும்” என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. நாம் பின்பற்றும் பொதுச் சட்டத்தில் வீட்டு விலங்கைப் பற்றிப் பழைய விதி ஒன்று உண்டு. சாதுவான மாடு திடீரென்று முட்டினால் உரிமையாளர் உடனே பொறுப்பாளி ஆகமாட்டார். அது முட்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் ஆவார். வழக்கமாக இதை நிரூபிப்பதுதான் வாதியின் தலைவலி. ஜல்லிக்கட்டுக் காளையின் விஷயத்தில் அந்தத் தலைவலியே இல்லை. மண் குத்த வைத்து, நீச்சல் அடிக்க வைத்து, பருத்திக்கொட்டை ஊட்டி, ஆளைக் கண்டால் பாயப் பழக்கியிருக்கிறார் அவர். “நின்னு விளையாடுற மாடு” என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொல்ல வைக்கிறார். எத்தனை பேரைத் தூக்கி எறிந்தது என்று காணொளி போடுகிறார். சிறந்த காளைக்கான பரிசு என்பது, அதன் குணம் உரிமையாளருக்குத் தெரியும் என்பதற்கு மேடையிலேயே கொடுக்கப்படும் சான்றிதழ்.

இதே ஊரில் நாம் வேறு மாதிரி நடந்துகொண்டதும் உண்டு. 2023 ஆகஸ்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அரும்பாக்கத்தில், பள்ளி விட்டு வீட்டுக்குப் போன சிறுமியை ஒரு மாடு முட்டித் தள்ளிய கண்காணிப்புக் கேமராக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். ஒருவர்கூட “மாடு இருக்கும் தெருவென்று தெரிந்துதானே அந்தப் பிள்ளை போனாள்” என்று சொல்லவில்லை. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது குற்றம். இன்று அது நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் இருக்கிறது. பால் கறக்கும் பசு முட்டினால் உரிமையாளர் குற்றவாளி. முட்டுவதற்கென்றே வளர்த்த காளை முட்டினால் அது விதி. இந்த இரண்டையும் ஒரே மூளையில் வைத்திருக்க எப்படி முடிகிறது?

குதிரைக்கும் இதே கணக்குதான். ஆவடியிலிருந்து திருவேற்காடு, பூந்தமல்லி வரை முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் மாலையில் போய்ப் பாருங்கள். சாரட் வண்டியில் பூட்டிய இரண்டு குதிரைகள். முன்னால் பேண்டு செட். பக்கவாட்டில் புகை கக்கும் ஜெனரேட்டர், தலையில் விளக்குகளைச் சுமந்து நிற்கும் ஆட்கள். குதிரையின் மூக்குக்கு இருபதடியில் ஒருவர் பத்தாயிரம் வாலாவை விரிக்கிறார். பின்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, மாப்பிள்ளையை செல்போனில் பிடிக்க ஒரு சிறுவன். ஒரு பக்கம் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. குதிரை மிரண்டால், “கிட்டப் போய் நின்னா அப்படித்தான்” என்பார்கள். மிரள்வது குதிரையின் கெட்ட குணமல்ல. அந்தச் சூழ்நிலையில் எந்தக் குதிரையும் செய்வது. அதனாலேயே பொறுப்பு கூடுகிறது, குறைவதில்லை. 2003-இல் மிர்வாஹெடி எதிர் ஹென்லி வழக்கில், எதையோ கண்டு மிரண்டு வேலி தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்த குதிரைகள் காரில் மோதியதற்கு, அவற்றை வளர்த்தவர்களே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை சொன்னது. அவர்களிடம் கவனக்குறைவு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. மிரண்ட குதிரை அப்படி ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதே போதுமானதாக இருந்தது. பட்டாசுக்கு முன்னால் குதிரையை நிறுத்துகிறவர் அதைவிட அதிகம் தெரிந்தவர்.

6. நிவாரணம் கொடுத்தால் நீதி கிடைத்துவிட்டதா?

2023 ஜனவரியில் பாலமேட்டிலும் திருச்சி சூரியூரிலும் இறந்த இருவரின் குடும்பங்களுக்கு முதலமைச்சர் தலா 3 லட்சம் அறிவித்தார். கொடுத்தது நல்லதுதான். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். அம்பத்தூரில் மாதம் 18,000 ரூபாய் வாங்கும், கல்யாணமாகாத 25 வயது இளைஞன் ஒருவன் லாரி மோதி இறக்கிறான் என்று வையுங்கள். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகளில் வகுத்த சூத்திரம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 2,16,000. எதிர்கால உயர்வுக்கு நாற்பது சதவீதம் சேர்த்தால் 3,02,400. சொந்தச் செலவுக்குப் பாதி கழித்தால் 1,51,200. அந்த வயதுக்கான பெருக்கெண் 18. மொத்தம் 27,21,600 ரூபாய். ஈமச் செலவு முதலான இனங்கள் தனி. அதே இளைஞன் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தடுப்பு உடைந்து காளை முட்டி இறந்தால், 3 லட்சம். அதுவும் யாராவது அறிவித்தால். அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவனுக்கு அந்த அறிவிப்பும் பல சமயம் வருவதில்லை.

வித்தியாசம் தொகையில் மட்டுமில்லை. முதலாவதை அவன் தாய் கேட்டு வாங்குகிறாள். இரண்டாவதற்கு அவள் காத்திருக்கிறாள். முதலாவதில் தவறு செய்தவரின் பணம் போகிறது. இரண்டாவதில் போவது பொது நிவாரண நிதி. தடுப்பைக் கட்டாதவரின் பையில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. குறையாதவர் அடுத்த வருடம் ஏன் நன்றாகக் கட்ட வேண்டும்?

நீதிமன்றம் போகட்டுமே என்பீர்கள். விபத்து நடந்தது சாலையில் என்றால், அவள் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் பெயருக்கு ஒரு கட்டணத்தோடு மனுப் போடலாம். மாடு என்றால் 1855-ஆம் ஆண்டு மரண விபத்துகள் சட்டத்தின் கீழ் சிவில் வழக்கு. காலக்கெடு இரண்டே வருடம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் மூன்று சதவீதம். 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாயை முதலில் வைக்க வேண்டும், அல்லது தான் ஏழை என்று தனியாக மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்தவள் இரண்டு வருடத்துக்குள் இதைச் செய்யவில்லை என்பதற்காக, அவளுக்குக் குறையே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

7. ‘நாங்கள் அனுமதிதானே கொடுத்தோம்?’

இது அரசுத் தரப்பின் ஒதுங்கல். 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வாடிவாசல் திறக்க முடியாது. இடத்தை ஆய்வு செய்ய வேண்டும்; பார்வையாளர் மாடத்துக்குப் பொதுப்பணித் துறையின் சான்று வேண்டும்; காளைக்கும் வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். இத்தனை கையெழுத்தும் போட்டுவிட்டு, தடுப்பு சாய்ந்தால் மட்டும் “ஊர்க்காரர்கள் நடத்தினார்கள்” என்றால் எப்படி? அவனியாபுரம்போல நிர்வாகமே முன்னின்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் அரசே அரங்கம் கட்டி 2024 ஜனவரி 24 அன்று திறந்தது. இடமும் அரசுடையது, அனுமதியும் அரசுடையது, பரிசும் பெரும்பாலும் ஆட்சியில் உள்ளவர்கள் பெயரில். பொறுப்பு மட்டும் யாருடையது?

இதற்கும் உச்ச நீதிமன்றத்தில் விடை இருக்கிறது. 2006 ஏப்ரல் 10 அன்று மீரட் விக்டோரியா பூங்காவில் நடந்த நுகர்பொருள் கண்காட்சியில் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். ஒப்பந்தக்காரர்தான் பந்தல் போட்டார், எங்கள் தவறில்லை என்றார்கள் அமைப்பாளர்கள். 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்கள், 40 சதவீதம் மாநில அரசு. கூட்டத்தைக் கூட்டியவரும், அந்தக் கூட்டத்தைக் கவனிக்கக் கடமைப்பட்ட அரசும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். கண்காட்சிப் பந்தலுக்கு உள்ள சட்டம், காளை ஓடும் தெருவுக்குக் கிடையாதா?

8. இழப்பீடு கொடுத்தால் திருவிழா அழிந்துவிடுமா?

பயமுறுத்தும் வாதம் இது, அதனால்தான் எடுபடுகிறது. அலங்காநல்லூரில் முதல் பரிசாக டிராக்டரும் காரும் கொடுக்கிறார்கள். தங்கக் காசு, பீரோ, கட்டில், சைக்கிள் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கி அலறுகிறது. இத்தனைக்கும் நன்கொடையாளர் கிடைக்கும் ஊரில், காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மட்டும் ஒருவரும் கிடைக்கமாட்டாரா? பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு வருடத்துக்கு 20 ரூபாய். மரணத்துக்கு 2 லட்சம். வீரர்களும் காளைகளும் இணையத்தில் முன்பதிவு செய்யும் காலம் இது. பெயர், வயது, அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கிறது. வீரனுக்கான காப்பீடு ஒரு பொத்தான் தூரம். பார்வையாளருக்கும் வழிப்போக்கருக்குமான மூன்றாம் நபர் காப்பீடு அதற்கு அடுத்த படி.

மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது லாரித் தொழில் அழியவில்லை. எம்.டி.எச். ரோடு நிரம்பித்தான் வழிகிறது. உண்மையில் காப்பீடு இல்லாததுதான் விழாக் குழுவுக்கு ஆபத்து. என்றைக்காவது ஒரு தாய் துணிந்து வழக்குப் போட்டு 27 லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கினால், பதிவு செய்யப்படாத அந்தக் குழுவில் கையெழுத்துப் போட்ட நாலைந்து பெரியவர்களின் வீடு ஜப்திக்கு வரும்.

9. ‘அமெரிக்காவிலேயே அப்படித்தான் சட்டம்.’

பாதி உண்மை. 1989-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, இன்று பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் குதிரை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்புவிலக்குச் சட்டம் இருக்கிறது. குதிரையின் இயல்பால் நேரும் காயத்துக்கு அமைப்பாளர் பொறுப்பல்ல என்று லாயத்து வாசலில் பலகை தொங்கும். மீதிப் பாதியை நம்மவர்கள் சொல்வதில்லை. பழுதான சேணம் கொடுத்தாலோ, ஓட்டுபவரின் திறமைக்குப் பொருந்தாத குதிரையில் ஏற்றினாலோ, பாதுகாப்பை வேண்டுமென்றே புறக்கணித்தாலோ அந்த விலக்குப் பொதுவாகக் கிடைக்காது. அதாவது அங்கே விலக்கு, விலங்கின் இயல்புக்கு மட்டும். மனிதனின் அலட்சியத்துக்கு அல்ல. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் என் கட்சிதான் ஜெயிக்கும்.

ஆகவே என்ன வேண்டும்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போபாலுக்குப் பிறகு, அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தோம். தவறை நிரூபிக்காமலே முதற்கட்ட நிவாரணம், கட்டாயக் காப்பீடு. அந்த அச்சிலேயே, ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, எருது விடும் விழா, ரேக்ளா, குதிரை ஊர்வலம் என்று விலங்கையும் கூட்டத்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் நான்கு விதிகள் போதும். தவறு யாருடையது என்று கேட்காமல் ஒரு நிலையான தொகை, குறைந்தது சாலை விபத்துக்குக் கொடுக்கும் அளவு. அதற்கு மேல் அலட்சியத்தை நிரூபித்தால் முழு இழப்பீடு. கையெழுத்துப் படிவம் அதற்குக் குறுக்கே நிற்காது. பார்வையாளர், வழிப்போக்கர், கயிறு பிடிக்கும் ஆள் எல்லாரையும் உள்ளடக்கிய காப்பீடு. வழக்கை விசாரிக்க வாகன விபத்துத் தீர்ப்பாயங்களுக்கே அதிகாரம். பூந்தமல்லியில் மிரண்ட குதிரையிடம் அடிபட்டவர், லாரியிடம் அடிபட்டவர் போலவே மூன்று சதவீதக் கட்டணம் இல்லாமல் மனுப் போட முடியும்.

விழா தேதி மாதக்கணக்கில் முன்பே தெரியும். கடைசி நேரத்தில் அனுமதிக்காகக் கொந்தளிப்பதும் நமக்குப் பழக்கம்தான். 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்காகத் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். விழாவை உரிமையாகக் கேட்கத் தெரிந்த ஊருக்கு, அதில் விழுகிறவனுக்கான பணத்தையும் கடமையாக எடுத்துவைக்கத் தெரிய வேண்டும். வருகிற தை மாதம், அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடும் முன் ஆட்சியர் காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்கட்டும். அந்தத் தாள் இல்லையென்றால் வாடிவாசல் திறக்கக் கூடாது.